இடி நேரத்தில் நெத்தலி தின்னுமா?

"அக்கா, அவிழ்த்து விடவா, கட்டியே வைக்கவா?"

இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கும் என் தம்பி, போன வருடம் ஐப்பசியில் ஒரு மாலை தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம். அதையும் மீறி அவனுடைய நாய் டைகரின் ஓலம். ஒவ்வொரு இடிக்கும் கொய்யா மரத்தைச் சுற்றி ஓடி ஓடிச் சங்கிலி முழுவதும் மரத்தில் சுற்றிக்கொண்டு விட்டதாம். கழுத்து மரத்தோடு ஒட்டிப் போய், வாயில் நுரை தள்ள நிற்கிறதாம்.

லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இடிக்குப் பயப்படும் நாயைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த இரண்டு தெரிவுகளைத் தாண்டி யாரும் போவதில்லை. கட்டு, அல்லது அவிழ்த்து விடு. நகரத்தில் இருப்பவர்களிடம் வேறு பட்டியல் உண்டு: யூடியூபில் இடிச் சத்தம் போட்டுப் பழக்கு, இறுக்கமான சட்டை போடு, மாத்திரை கொடு. ஹட்டனில் எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருக்கிறது. பெயர் மணி. அதற்கும் இடி என்றால் ஆகாது, ஆனால் டைகர் அளவுக்கு இல்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வருடம் மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. எந்த வழி எந்த நாய்க்கு என்று எனக்குத் தெளிந்ததை எழுதுகிறேன். நான் மிருக வைத்தியர் இல்லை, பள்ளிக்கூட ஆசிரியை. மருந்து பற்றிய பகுதியை அந்த நினைப்போடு வாசியுங்கள்.

முதலில் தம்பியின் கேள்வியை முடித்துவிடுகிறேன்.

கட்டி வைப்பதற்கு அவன் சொன்ன காரணம் நியாயமானது. அவிழ்த்து விட்டால் டைகர் ஓடிவிடும். பயந்த நாய் வீட்டைப் பார்த்து ஓடாது, சத்தம் வராத திசை என்று அதற்குத் தோன்றும் பக்கம் ஓடும். தேயிலை மலைக்குள் புகுந்தால் இருட்டுவதற்குள் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் இருப்பவர்களுக்கு இரவில் வெளியே நிற்கும் நாய்க்கு என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. லயத்து வாசல் வரை வந்து சிறுத்தை நாயைத் தூக்கிப் போன கதை இல்லாத தோட்டம் குறைவு. இன்னொன்று, பன்றிக்காக மரக்கறித் தோட்டங்களைச் சுற்றிப் போடும் சுருக்குக் கம்பி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அப்படியொரு கம்பியில் சிக்கித்தான் ஒரு கருஞ்சிறுத்தை பிறகு செத்தது. சிறுத்தையையே பிடித்துவைக்கும் கம்பிக்கு நாய் எம்மாத்திரம்.

சரி, அப்படியானால் கட்டுவதா? மரத்தடியில் சங்கிலி போட்டுக் கட்டுவது அதைவிட மோசம். மின்னல் நேரத்தில் மரத்தடியில் நிற்காதே என்று பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டு நாயை அங்கேயே இரும்புச் சங்கிலியில் கட்டி வைக்கிறோம். நாயின் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் கொடுமை. பயந்த உயிருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஓடி ஒளிவது. அதையும் பறித்துவிட்டால் பயம் வருடா வருடம் ஏறுமே தவிர இறங்காது. "இரண்டு தரம் கத்தும், பிறகு பழகிவிடும்" என்பார்கள். டைகர் மூன்று வருடமாகப் பழகவில்லை. முதல் வருடம் இடி விழுந்தால் நடுங்கியது, இரண்டாம் வருடம் மின்னலுக்கே நடுங்கியது, மூன்றாம் வருடம் பகல் இரண்டு மணிக்கு மலை இருட்டிக்கொண்டு வந்தாலே மூச்சிரைக்கத் தொடங்கிவிட்டது.

ஆகவே தம்பிக்கு நான் சொன்ன பதில்: அவிழ், ஆனால் வெளியே விடாதே. உள்ளே கொண்டு போ.

"காம்பராவுக்குள்ளேயா? வீட்டில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள் அக்கா."

பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் ஈர நாயை உள்ளே எடு என்று தொலைபேசியில் சொல்வது எளிதுதான். பேசிப் பேசி இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், ஒரு மூலைக்கு உடன்பாடு ஏற்பட்டது. பழைய பலகையால் மூன்று பக்கம் அடைத்து, மேலே தடித்த கம்பளி ஒன்றைப் போட்டு, கீழே சாக்கு விரித்து, ஒரு பக்கம் திறந்து விட்டான். இஸ்தோப்பின் படலை மட்டும் பூட்டப்பட்டிருக்கும். கையிலிருந்து ஒரு சதம்கூடச் செலவில்லை. இதைச் செய்யாமல் மற்ற எந்த வழியில் இறங்கினாலும் பயனில்லை என்பது என் எண்ணம்.

ஒளியும் இடத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு மூன்றுதான். நாய் தானாகப் போய் வரும்படி அது திறந்திருக்க வேண்டும். பூட்டி அடைத்தால் அதுவும் ஒரு சங்கிலிதான். மின்னல் வெளிச்சம் கண்ணில் படக்கூடாது. சுவரோரம், வீட்டின் உட்பக்கம் நல்லது. தகரக் கூரையில் மழைச் சத்தத்தைத் தடுக்க முடியாது, அந்தச் சத்தம் ஒருவகையில் இடியைக் கொஞ்சம் மூடவும் செய்கிறது. வானொலியை மிதமான சத்தத்தில் ஓட விடலாம். 2017இல் ஸ்கொட்லாந்தில் விலங்கு நலச் சங்கமும் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் காப்பக நாய்களுக்கு ஐந்து வகை இசை போட்டுப் பார்த்தபோது ரெகேயும் மென்மையான ரொக் இசையும் அவற்றை அமைதிப்படுத்தியதாகத் தெரிந்ததாம். மணிக்கு எதைப் போட்டாலும் ஒன்றுதான். காலைச் செய்தியின்போதுகூடத் தூங்கும்.

நாய் உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் தள்ளிவிடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மணியை நான் தடவிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், "கொஞ்சாதே டீச்சர், பயம்தான் கூடும்" என்பார். இது அவருடைய கருத்து மட்டுமில்லை. ஒரு காலத்தில் நாய் பழக்குபவர்களே அப்படித்தான் சொன்னார்கள். அது தவறு. குரைப்பது, மேலே தாவுவது போன்ற பழக்கங்கள் கொஞ்சினால் கூடலாம். பயம் பழக்கமில்லை, அது உள்ளே எழும் உணர்ச்சி. இடிக்குப் பயந்து மடியில் ஏறும் பிள்ளையை அணைத்துக்கொண்டால் அடுத்த முறை அது கூடுதலாகவா பயப்படுகிறது? நாயும் அப்படித்தான். ஆனால் விரும்பி வந்தால் மட்டும். மூலையில் ஒடுங்கியதை இழுத்து வைத்துக் கொஞ்சுவது வேறு.

நெத்தலிச் சோதனை

ஒவ்வொரு இடிக்கும் பின்னால் உடனே வாய்க்கு ருசியான ஒன்றைக் கொடுப்பது, இதுதான் நான் முதலில் நம்பாமல் இருந்து பிறகு முழுதாக நம்பத் தொடங்கிய வழி. சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி ரீமர் என்ற ஆய்வாளர், பட்டாசுக்குப் பயப்படும் நாய்களை வைத்திருக்கும் 1,225 பேரிடம் என்னென்ன செய்தீர்கள், எது பலன் தந்தது என்று கேட்டு 2020இல் வெளியிட்டார். சத்தம் கேட்டவுடன் தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பலன் கண்டதாகச் சொன்னார்கள். வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்துக்கு ஏறக்குறைய 69, பதிவு செய்த சத்தத்தைப் போட்டுப் பழக்கியதற்கு 55, இறுக்கமான சட்டைக்கு 44. நாய் வளர்ப்பவர்களின் வாய்மொழிதான் இது, ஆய்வுகூட அளவீடு இல்லை. ஆனாலும் வரிசை என் இரண்டு நாய்களோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

நான் பாவித்தது நெத்தலிக் கருவாடு. உப்பு போக நன்றாகக் கழுவி, தண்ணீர் மாற்றி இரண்டு தரம் அவித்து, தலையைக் கிள்ளிப் போட்டு, சிறு டப்பாவில் வைத்துக்கொள்வேன். கோழி ஈரல் அவித்ததும் நல்லது. தினமும் போடும் சோறும் றொட்டித் துண்டும் இதற்குக் காணாது. வேறெப்போதும் கிடைக்காத பொருளாக இருக்க வேண்டும்.

செய்யும் முறையில் ஒரே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் எல்லாம் கெட்டது. முதலில் இடி, பிறகு நெத்தலி. ஒருபோதும் மாறக்கூடாது. ஆரம்பத்தில் நான் மின்னலைக் கண்டதும் அவசரமாக டப்பாவைத் திறந்துவிடுவேன். நான்கு நாட்களில் மணி கற்றுக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? டப்பா மூடி "டக்" என்றால் இடி வரப்போகிறது. இடியே இல்லாத ஒரு காலையில் டப்பாவை எடுத்தேன், கட்டிலுக்கடியில் போய்விட்டது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். டப்பாவை இடுப்புத் துணிக்குள் திறந்தபடியே வைத்துக்கொண்டு, மின்னலுக்கும் இடிக்கும் இடையில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கப் பழகினேன். மின்னலிலிருந்து எண்ணத் தொடங்கினால் மூன்று எண்ணுவதற்கு இடி ஒரு கிலோமீற்றர் தூரம். ஒன்பது எண்ணினால் மூன்று கிலோமீற்றர். அந்த எண்ணிக்கை எனக்குப் பொறுமை தந்தது.

இடி கேட்டதும் ஒன்று. நம் மலைகளில் இடி ஒரே வெடியாக முடிவதில்லை, பள்ளத்தாக்கில் உருண்டு உருண்டு எதிரொலித்து அடங்க நேரமெடுக்கும். உருள்கிற வரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருப்பேன். சத்தம் நின்றதும் நெத்தலியும் நின்றுவிடும். நாய் நடுங்கினாலும் கொடுக்க வேண்டும், கட்டிலுக்கடியில் இருந்தாலும் கொடுக்க வேண்டும். "நல்லபடி இருந்தால் தருவேன்" என்ற நிபந்தனை இங்கே செல்லாது. இடிக்கும் நெத்தலிக்கும்தான் சம்பந்தம், நாயின் நடத்தைக்கும் அதற்கும் இல்லை.

மணி ஆறு வாரத்தில் மாறியது. இப்போதும் இடியை அது விரும்பவில்லை. தூரத்தில் உருண்டால் என் முகத்தைப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

டைகருக்கு இதையே செய்யச் சொன்னேன். தம்பி கையில் நெத்தலியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் குந்திக்கொண்டிருந்திருக்கிறான். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாயில் திணித்ததைத் துப்பிவிட்டது. பசியோடு இருந்த நாய்.

இதைத்தான் நான் சோதனை என்கிறேன். இடி நேரத்தில் ருசியானதைத் தின்கிற நாய்க்குப் பயம் இருக்கிறது, ஆனால் அதன் மூளை இன்னும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. தின்னாத நாய் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அதனிடம் எந்தப் பழக்கமும் ஏறாது. முதல் வகைக்கு மறைவிடமும் நெத்தலியும் போதும். இரண்டாம் வகைக்கு வைத்தியரிடம் போக வேண்டும். கடைசி முயற்சியாக இல்லை, முதல் வேலையாக.

சட்டையும் ஒலிப்பதிவும்

நாயின் மார்பைச் சுற்றி இறுக்கமாகத் துணி கட்டினால் அமைதியாகும் என்று சொல்லி வெளிநாட்டில் அதற்கென்றே சட்டை தைத்து விற்கிறார்கள். நான் ஒரு பழைய டீசேட்டை மணிக்குப் போட்டு, முதுகுப் பக்கம் முடிச்சிட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் உள்ளே நுழையும் அளவுக்குத்தான் இறுக்கம். மணி ஒன்றும் சொல்லவில்லை, பெரிதாக மாறவும் இல்லை. டைகருக்குப் போட்டபோது சிலைபோல நின்றுவிட்டது. "பார் அக்கா, அடங்கிவிட்டது" என்று தம்பி படம் எடுத்து அனுப்பினான். படத்தில் காது பின்னால் ஒட்டியிருந்தது, கண்ணின் வெள்ளை தெரிந்தது, வால் வயிற்றுக்குக் கீழே. அசையாமல் நிற்பதும் அமைதியாக இருப்பதும் ஒன்றென்று நாம் நினைத்துவிடுகிறோம். செலவில்லாத முயற்சி என்பதால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வெயிலான ஒரு நாளில் முதலில் போட்டுப் பழக்கிவிட்டு, பிறகு மழை நாளில் போடுங்கள். நாய் அதைக் கழற்றப் பார்த்தால் கழற்றிவிடுங்கள்.

ஒலிப்பதிவு வழி படித்தவர்களுக்குப் பிடித்த வழி. மிகக் குறைந்த சத்தத்தில் தொடங்கி, நாய் கவனிக்காத அளவில் தீனியோடு சேர்த்து, நாட்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. கோட்பாடு சரி. ஆனால் இடிக்கு இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இடியின் பலம் அதன் தாழ்ந்த முழக்கத்தில் இருக்கிறது, நெஞ்சில் இடிக்கும், ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கும். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியால் அந்தத் தாழ்ந்த ஒலியைத் தர முடியாது. அதில் வருவது தகரத்தைச் சுரண்டும் சத்தம் மாதிரி ஏதோ ஒன்று. போதாததற்கு நிஜ இடியோடு இருட்டு, காற்று, மின்னல், மழை வாசனை எல்லாம் சேர்ந்து வருகின்றன. மணி பதிவின் இடிக்கு வாலாட்டியது, அன்று மாலை நிஜ இடிக்குக் கட்டிலுக்கடியில் போனது.

பட்டாசுக்கு ஒலிப்பதிவு பரவாயில்லை. சீனவெடி பெரும்பாலும் சத்தம் மட்டும்தான், பதிவுக்கும் நிஜத்துக்கும் இடைவெளி குறைவு. அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு: பழக்கும் வாரங்களில் நிஜ வெடி கேட்கக்கூடாது. கேட்டால் ஏறிய படியெல்லாம் சறுக்கிவிடும்.

இங்கேதான் மலைநாட்டு நாட்காட்டி நமக்கு எதிராக நிற்கிறது. இடி மழை கூடுதலாக வருவது இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட காலங்களில், மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும். பெரும்பாலும் பகலுக்குப் பின்னால். வெடி வெடிப்பது எப்போது? சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் நடுவில். தீபாவளி ஒக்டோபரிலோ நவம்பரிலோ. மாலை மூன்று மணிக்கு இடி, ஆறு மணிக்கு வெடி. நாய்க்கு இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடவே நேரமில்லை. ஒன்றன் மேல் ஒன்றாகப் பயம் அடுக்கிக்கொண்டு போகும்.

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் பழக்குவதற்கு நல்ல காலம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. தென்மேல் பருவமழை நாள் முழுக்க ஊற்றும், காற்று அடிக்கும், ஆனால் இடி குறைவு. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் மாதங்கள், பிள்ளைகளுக்கும் பொழுது போகும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அந்த மாதங்களில் வானம் வெளுத்திருக்கும், அவர்களுக்கு இன்னும் வசதி. கோயில் திருவிழாத் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து

மருந்தைப் பற்றி எங்களிடம் இரண்டு தவறான எண்ணங்கள். நாய்க்குப் போய் பயத்துக்கு மருந்தா என்பது ஒன்று. ஏதாவது ஒரு தூக்க மாத்திரை போதும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் ஆபத்தானது.

தம்பியின் பக்கத்து லயத்தில் யாரோ தங்கள் நாயை வேனில் ஏற்றிப் போனபோது வாங்கிய மாத்திரை மிச்சம் இருந்தது. அதில் ஒன்றைப் போன தீபாவளிக்கு டைகருக்குக் கொடுத்திருக்கிறார்கள். டைகர் கால் மடிந்து படுத்துவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. நான் அங்கே போயிருந்தேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு வெடிக்கும் அதன் தோல் சிலிர்த்தது, கண் அகல விரிந்தது. எழுந்து ஓட மட்டும் முடியவில்லை. பிறகு மிருக வைத்தியர் அட்டையைப் பார்த்துவிட்டு அது அசெப்ரோமசின் என்றார். உடம்பைக் கட்டிப்போடும், பயத்தைக் குறைக்காது, சில நாய்களுக்குச் சத்தத்தின் மேல் கூச்சத்தைக் கூட்டவும் செய்யும் என்றார். அதாவது கொய்யா மரத்துச் சங்கிலியை நாங்கள் உள்ளுக்குள் போட்டிருந்தோம். அந்தக் கண்களை நான் மறக்கவில்லை.

சத்தப் பயத்துக்கு வைத்தியர்கள் இன்று எழுதிக் கொடுக்கும் மருந்துகள் வேறு. இரண்டு வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

ஒன்று, தேவையான அன்று மட்டும் கொடுப்பது. டிரசடோன், கபபென்டின், அல்பிரசோலம் போன்றவை. இடி தொடங்கிய பிறகு கொடுத்துப் பலனில்லை, மருந்தைப் பொறுத்து ஒன்று இரண்டு மணி நேரம் முந்திக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு இது எளிது, தேதியும் நேரமும் தெரியும். இடிக்கு? நம் பக்கத்து இடைப்பருவ இடி பெரும்பாலும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வருவதால் ஓரளவு கணிக்கலாம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் காலை அறிவிப்பைக் கேட்டு முடிவெடுக்கலாம். இந்த வகையில் டெக்ஸ்மெடெடோமிடின் என்ற மருந்து, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் தடவும் களிம்பாக, நாய்களின் சத்தப் பயத்துக்கென்றே 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விழுங்கிவிட்டால் சரியாக வேலை செய்யாது, வாயின் மெல்லிய தோல் வழியாக ஊற வேண்டும். கிடைக்குமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

மற்றது, தினமும் கொடுப்பது. ஃபுளுஒக்செட்டின், குளோமிபிரமின். இவை முழுப் பலன் தர வாரக்கணக்கில் ஆகும். ஒக்டோபர் இடிக்கு ஓகஸ்டிலேயே வைத்தியரைப் பார்த்திருக்க வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஓடுவதில் அர்த்தமில்லை.

இந்தப் பெயர்களில் பல மனிதர் மருந்துக் கடையிலும் உண்டு. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: அளவு நாய்க்கு நாய் வேறு, ஈரலும் சிறுநீரகமும் இருதயமும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். மனிதருக்கான திரவக் கபபென்டினில் சிலவற்றில் சைலிட்டோல் என்ற இனிப்புச் சேர்ந்திருக்கும். நாய்க்கு அது நஞ்சு. சாராயம் ஒரு மூடி ஊற்றிவிடு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது, தங்களுக்கு ஊற்றிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

செலவையும் அலைச்சலையும் மறைக்கப் போவதில்லை. மருந்து வழியின் பெரிய குறை அதுதான். அரச மிருக வைத்திய அலுவலகம் நகரத்தில் இருக்கிறது, அங்கே மாடும் ஆடும்தான் முதல் வரிசை. நாயைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், ஆட்டோ பிடிக்க வேண்டும். அன்றைய பெயர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். சிக்கலான நாய்க்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை வரை போக வேண்டியிருக்கலாம். போகும்போது தடுப்பூசி அட்டையோடு இன்னொன்றும் கொண்டு போங்கள்: இடி நேரத்தில் நாய் என்ன செய்கிறது என்று கைபேசியில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ. வைத்தியசாலை மேசையில் எல்லா நாயும் ஒரே மாதிரித்தான் நடுங்கும். டைகருடைய வீடியோவைப் பார்த்த பிறகுதான் வைத்தியர் பேனாவை எடுத்தார். முதல் மாத்திரையை இடியில்லாத ஒரு நாளில் கொடுத்து நாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். தள்ளாடுகிறதா, வாந்தி எடுக்கிறதா, மாறாகப் பரபரப்பாகிறதா என்று.

வயதான நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழெட்டு வயதுவரை இடியைச் சட்டை செய்யாத நாய் திடீரென்று நடுங்கத் தொடங்கினால் நெத்தலியும் வேண்டாம், சட்டையும் வேண்டாம், முதலில் மூட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 2018இல் பிரித்தானிய, பிரேசில் ஆய்வாளர்கள் சத்தத்துக்குப் பயப்படும் இருபது நாய்களை ஆராய்ந்தார்கள். மூட்டு, தசை வலி இருந்த பத்தில் இந்தப் பயம் தொடங்கிய வயது மற்றப் பத்தைவிடச் சராசரியாக நான்கு வருடம் அளவில் பிந்தியிருந்தது. சத்தத்துக்குத் திடுக்கிடும்போது தசை இறுகுகிறது, வலிக்கிறது, வலிக்கும் அந்தச் சத்தத்துக்கும் இடையில் முடிச்சு விழுகிறது. நம் நாய்கள் வாழ்நாள் முழுக்கப் படிக்கட்டிலும் சரிவிலும் ஏறி இறங்குபவை.

தாயத்து, கறுப்புக் கயிறு, பச்சிலைச் சாறு? ரீமரின் கணக்கில் மூலிகை, ஹோமியோபதி, மணம் பரப்பும் கருவி எல்லாம் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே பலன் தந்ததாக வருகிறது. ஒன்றுமே செய்யாவிட்டாலும் "கொஞ்சம் பரவாயில்லை போல" என்று சொல்ல அவ்வளவு பேர் இருப்பார்கள். கயிறு கட்டுவதால் நாய்க்குத் தீங்கில்லை, கழுத்தை இறுக்காமல் இருந்தால் சரி. தீங்கு வருவது இன்னொரு நாட்டு வைத்தியத்தால். பயம் தெளியட்டும் என்று பக்கத்தில் நின்று தட்டைத் தட்டுவதும், பிள்ளைகளை விட்டு ஓலை வெடி போடச் செய்வதும். டைகரின் மூன்று வருடத்தில் ஒரு வருடம் அந்தக் கணக்கில் சேரும்.

குட்டி வாங்கியவர்கள் அதிர்ஷ்டசாலிகள். முதல் மூன்று நான்கு மாதத்துக்குள் வரும் ஒவ்வொரு இடிக்கும், கோயில் தப்புச் சத்தத்துக்கும், ஒரு துண்டு ஈரல். பயம் வரும் முன்பே செய்துவிட்டால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவைப்படாது.

மற்றவர்கள் இந்த முறை இடியில் ஒரு நெத்தலியை நீட்டிப் பாருங்கள். வாங்கித் தின்றால் வைத்தியர் செலவு வேண்டாம். மறைவிடம், டப்பா, பொறுமை, அவ்வளவுதான். முகர்ந்துவிட்டு விட்டால் நடுவில் நிற்கிறது, அப்போது துணியையும் வானொலியையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டு வாரம் பொறுங்கள். திரும்பியே பார்க்காவிட்டால், அல்லது கதவைப் பிறாண்டி நகம் கிழித்துக்கொண்டால், இருந்த இடத்தில் சிறுநீர் போனால், ஓடித் தொலைந்த வரலாறு இருந்தால், ஆட்டோவுக்குச் சொல்லுங்கள். மருந்து தொடங்கிய பிறகு நெத்தலியை விட்டுவிடாதீர்கள். மருந்து வாயைத் திறக்க வைக்கும், அந்த வாயில் போடுவது நம் வேலை.

டைகர் இந்தப் பங்குனி முழுவதும் இஸ்தோப்பு மூலையில் மருந்தோடு இருந்தது. முதல் வாரம் மூச்சிரைப்பு மட்டும் குறைந்தது என்று தம்பி சொன்னான். மூன்றாம் வாரம் ஒரு பின்னேரம் தொலைபேசியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைக் கேட்கச் சொன்னான். மழை. பிறகு நீளமாக உருண்ட ஓர் இடி. தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது. கம்பளிக்கு அடியிலிருந்து மூக்கு மட்டும் வந்ததாம், நெத்தலியை வாங்கியதாம், துப்பியதாம். கொஞ்சம் பொறுத்து, துப்பியதைத் தேடி எடுத்து மென்ற சத்தம் எனக்கே கேட்டது.